மஞ்சளுக்கு வெயில், இலைக்கு நிழல்

கேள்வி: ஐயா, நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து கறிவேப்பிலை, முருங்கைக் கீரை, புதினா இவற்றைக் காய வைத்து, வீட்டுத் தேவைக்குப் போக மீதியை விற்கலாம் என்று இருக்கிறோம். முதல் தடவை மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டோம். வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது, வாசனையும் இல்லை. இப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர், கறிவேப்பிலைக்கு விலை இல்லை, வேண்டிய மட்டும் ஒடித்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஒடித்துக் காய வைக்கலாமா?
- வாசகி ஒருவர், நாமகிரிப்பேட்டை

பதில்: கேள்வியின் கடைசிப் பகுதிக்கு முதலில் பதில். அந்தத் தோட்டத்தில் கடைசியாக என்ன மருந்து அடித்தார்கள், எந்தத் தேதியில் அடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு கொத்துக்கூட ஒடிக்க வேண்டாம். சும்மா கிடைக்கிறது என்பதற்காகச் சமையலறைக்குள் விடக்கூடிய பொருள் அல்ல அது.

காரணம் எளிமையானது. இலையைக் காய வைக்கும்போது போவது தண்ணீர் மட்டும்தான். 100 கிராம் பச்சைக் கறிவேப்பிலையில் சுமார் 64 கிராம் தண்ணீர். முருங்கைக் கீரையில் 76, புதினாவில் 85, கொத்தமல்லித் தழையில் 86 கிராம். காம்பு நீக்கிய கறிவேப்பிலை ஒரு கிலோ போட்டால், நன்றாகக் காய்ந்த பிறகு 400 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். முருங்கை 260 கிராம், புதினா 160 கிராம் அளவுக்குத்தான் தேறும். இலையில் ஒட்டியோ உள்ளே ஏறியோ இருக்கும் பூச்சிமருந்து, தண்ணீரோடு சேர்ந்து ஆவியாகிப் போய்விடும் என்று நம்ப முடியாது. அப்படியே தங்கினால், ஒரு கிராம் காய்ந்த கறிவேப்பிலையில் பச்சை இலையைப் போல இரண்டரை மடங்கு நஞ்சு இருக்கும். புதினாவில் அது ஆறு மடங்கு. பச்சையாகத் தாளிக்கும்போது கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பது நம் வழக்கம். பொடியாக்கிவிட்டால் ஒதுக்க வழியில்லை. குழந்தை தினமும் இட்லியில் தொட்டுச் சாப்பிடும்.

கறிவேப்பிலை வணிகப் பயிராக மாறிய பிறகு சைலிட் பூச்சிக்கும், செதில் பூச்சிக்கும், எலுமிச்சை இலையைத் தின்னும் அதே வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கும் மருந்து அடிப்பது கூடிவிட்டது. கறிவேப்பிலைக்கு என்று பரிந்துரையே இல்லாத, பருத்திக்கும் காய்கறிக்கும் வாங்கிய மருந்தையும் அடிக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் நஞ்சு எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்தது இதனால்தான். கப்பலேறும் இலைக்குச் சோதனை உண்டு. நம் வீட்டு அடுப்புக்குப் போகும் இலைக்கு அதைக் காய வைக்கிறவர்தான் சோதனை.

கழுவினால் போகாதா என்று கேட்கலாம். புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினால் மேலே படிந்திருப்பதில் ஒரு பகுதி போகும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்தாக இருந்தால் போகாது. ஆகவே அந்தத் தோட்டத்துக்காரர் அடுத்த முறை கவாத்து செய்த பிறகு, வரும் துளிருக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தவிர வேறு எதுவும் அடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டால் அவரிடமே வாங்கலாம். அப்போது சும்மா வாங்க வேண்டாம், ஒரு விலை கொடுத்து வாங்குங்கள். விலை கிடைத்தால்தான் அவரும் சொன்னபடி நடப்பார். அதுவரை ஆறு வீட்டுக் கொல்லையிலும் வேலியிலும் இருக்கும் மரங்களே போதும்.

இனி, முதல் முறை ஏன் வைக்கோலானது என்பது.

நாமகிரிப்பேட்டைக்காரர்களுக்குக் காய வைக்கும் வேலையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மஞ்சளை நுரை தள்ளி, வெள்ளைப் புகை வரும்வரை வேக வைத்து, களத்தில் கொட்டி 10 முதல் 15 நாள் வெயிலில் காய வைத்து, ஒடித்தால் ‘டக்’ என்று சத்தம் வரும் பதத்துக்குக் கொண்டுவந்து, விரலி, உருண்டை, பனங்காளி என்று பிரித்து ஏலத்துக்குக் கொண்டுபோகிற ஊர் அது. அந்தப் பழக்கத்தில்தான் இலையையும் வெயிலில் போட்டிருக்கிறார்கள். மஞ்சளின் நிறமும் மணமும் கிழங்கின் உள்ளே இருக்கின்றன. மேலே தோல் இருக்கிறது, வேக வைத்ததில் மாவும் இறுகியிருக்கிறது. அதனால் வெயில் அதற்குத் துணை. அப்படியும் மஞ்சளை மெல்லிசாகப் பரப்பினால் நிறம் மங்கும் என்று இரண்டு மூன்று அங்குல கனத்தில்தான் பரப்புவார்கள். இலையில் எல்லாமே மேலோடு இருக்கிறது. கறிவேப்பிலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசி குத்தியதுபோலப் புள்ளிகள் தெரியும். அவைதான் மணத்தைத் தாங்கும் எண்ணெய்ப் பைகள். புதினாவிலும் துளசியிலும் இலையின் மேல்தோலிலேயே நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. தொட்டாலே கை மணப்பது அதனால்தான். சேலம், நாமக்கல் வெயிலில் சுட்டுக் கிடக்கும் மாடித் தளத்தில் போட்டால் தண்ணீருக்கு முன்னால் எண்ணெய் பறந்துவிடும். பச்சையமும் வெளுத்துவிடும். மிஞ்சுவது நார்.

நம் பாட்டிமார் மணத்தக்காளியையும் சுண்டைக்காயையும் மோரில் ஊறவைத்துச் சுள்ளென்ற வெயிலில் காய வைத்தார்களே, வேப்பம்பூவை முற்றத்திலேயே உலர்த்தினார்களே என்று தோன்றும். அவற்றில் நாம் தேடுவது கசப்பும் உப்பும் புளிப்பும். அவை ஆவியாகிற சரக்கு அல்ல. வெயில் மணத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகும்.

ஆகவே இலைக்கு நிழல்; கூடவே காற்று. காலையில் பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் பறிக்க வேண்டும். புதினாவைப் பூ எடுக்கும் முன்பே அறுக்க வேண்டும். பழுத்தது, புள்ளி விழுந்தது, முட்டை ஒட்டியது எல்லாவற்றையும் அப்போதே கழித்துவிடுங்கள். அலசி, உதறி, ஒரு மணி நேரம் மூங்கில் தட்டில் வடியவிட்டு, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து, பிறகு பரப்பலாம். ஈரம் சொட்டச் சொட்டப் பரப்பினால் கறுத்துவிடும்.

பரப்ப ஏற்ற இடம் கயிற்றுக் கட்டில். மேலே வெள்ளை வேட்டியை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் போட்டால் கீழிருந்தும் காற்று வரும். ஆசாரத்திலோ, இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள அறையிலோ கட்டிலைப் போடலாம். காலை, மாலை ஒருமுறை புரட்டிவிட வேண்டும். தார்ப்பாயும் பாலிதீன் தாளும் வேண்டாம், அடியில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். உரச்சாக்கைப் பிரித்து விரிப்பது கிராமத்தில் எல்லோரும் செய்வது. நெல்லுக்குக்கூட அது சரியில்லை. இலைக்கு வேண்டவே வேண்டாம். அடுப்புப் பரணில் போட்டால் புகை நாற்றம் ஏறும். மஞ்சள் பாலீஷ் போடும் களத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். தை முதல் பங்குனி வரை அந்தத் தூசி ஊர் முழுக்கப் பறக்கும், இலை அதை ஒட்டவைத்துக்கொள்ளும்.

கோடையில் புதினாவும் முருங்கையும் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். கறிவேப்பிலைக்கு இன்னும் ஓரிரு நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. காற்றே ஈரமாக இருக்கும்போது இலை எதற்குள் உலரும்?

பதம் பார்ப்பது எளிது. இலை கையில் நொறுங்க வேண்டும், நடுக்காம்பு வளையாமல் ஒடிய வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு சோதனை உண்டு. காய்ந்த இலையைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி ஒரு நாள் வையுங்கள். மறுநாள் உட்புறம் ஆவி படிந்தாலோ இலை துவண்டாலோ இன்னும் காயவில்லை என்று பொருள். திரும்ப எடுத்துப் பரப்ப வேண்டும். இதைச் செய்யாமல் பொட்டலம் போட்டு விற்றதால்தான் பல குழுக்களின் சரக்கு கடையிலிருந்து திரும்பி வருகிறது.

சேமிப்பில் நாமகிரிப்பேட்டைக்கு என்றே ஓர் எதிரி உண்டு. மஞ்சள் மூட்டையில் ஊசித் துளை போடும் சிகரெட் வண்டு, காய்ந்த இலையையும் விடாது. மஞ்சள் இருப்பு வைத்த அறையில் இலைப் பாட்டிலை வைக்கக் கூடாது. மூட்டைக்கு மருந்து வைக்கிற அறையென்றால் கேட்கவே வேண்டாம். இறுக மூடும் பாட்டிலில், வெளிச்சம் படாத அலமாரியில், அடுப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இலையை முழுசாகவே வையுங்கள். முழு இலை ஆறு மாதத்துக்கு மேல் மணம் காக்கும். பொடித்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் வெறும் பச்சைத் தூள்தான். சமைக்கும்போது உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் போடுவதே சரி.

எந்த இலையைக் காய வைக்கலாம் என்பதிலும் பாகுபாடு உண்டு. கொத்தமல்லித் தழையைக் காய வைப்பது வீண் வேலை. அதன் மணம் மிக எளிதில் ஆவியாவது. எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் காய்ந்த கொத்தமல்லியில் புல்லின் வாசம்தான் வரும். மலிவாகக் கிடைக்கும் நாளில் தொக்காக வதக்கி வைத்துக்கொள்ளலாம். கறிவேப்பிலை பாதி மணத்தைக் காக்கும். அதனால் தாளிப்புக்கும் பள்ளிபாளையம் சிக்கனுக்கும் பச்சை இலைதான். காய்ந்தது பொடி வகைக்கு. முருங்கையைக் காய வைப்பது மணத்துக்காக அல்ல, சத்துக்காக. வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும், ஆனால் இரும்பும் சுண்ணாம்பும் இலையிலேயே நிற்கும். புதினா, காய்ந்தால் மணம் சற்று மாறும், போகாது. வெந்தயக் கீரை அதற்கும் ஒரு படி மேலே. காய்ந்த பிறகுதான் அதன் மணமே கூடுகிறது. கடையில் சின்ன அட்டைப் பெட்டியில் விற்கும் கஸ்தூரி மேத்தி அதன் உறவுக்காரக் கீரைதான். கஸ்தூரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்று பாகிஸ்தானில் இருக்கும் கசூர் என்ற ஊரின் பெயரால் வந்த ‘கசூரி’ நம் வாயில் கஸ்தூரியானது. இப்போது ராஜஸ்தானின் நாகௌர் பகுதியில் நிறைய விளைகிறது. நம் வீட்டு வெந்தயத்தை ஒரு பாத்தியில் தூவி, மூன்று நான்கு வாரத்தில் அறுத்து நிழலில் உலர்த்தினால் அதற்கு நெருங்கிய மணம் வரும்.

காய்ந்த இலை பச்சையைப் போல மூன்று மடங்கு அழுத்தமானது. மூன்று கரண்டி பச்சை கேட்கும் இடத்தில் ஒரு கரண்டி போதும். அதன் மணம் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது, எண்ணெயிலும் நெய்யிலும் இறங்கும். அரை கிலோ மாவில் பிரெட்டோ பன்னோ சுடுகிறவர்கள், இரண்டு தேக்கரண்டி காய்ந்த புதினாவையோ வெந்தயக் கீரையையோ இளஞ்சூடான எண்ணெயில் பத்து நிமிடம் ஊறவிட்டு, அந்த எண்ணெயோடு மாவில் சேர்க்க வேண்டும். நேராக மாவில் தூவினால் இலை இருக்கும், மணம் இருக்காது. சப்பாத்திக்கும் அதே வழி. கேழ்வரகு அடைக்கு முருங்கை இலையைப் பத்து நிமிடம் முன்பே வெந்நீர் தெளித்து மசியவைத்துப் பிசையலாம், இல்லையென்றால் தொண்டையில் தும்பாக நிற்கும். குழம்புக்கும் பருப்புக்கும் வெந்தயக் கீரையை இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு கசக்கிப் போட வேண்டும். முன்னால் போட்டால் கசக்கும். புதினாவைத் தயிரில், மோரில், முட்டைப் பொரியலில் போடலாம். துருக்கியிலும் ஈரானிலும் தயிருக்குக் காய்ந்த புதினாவைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் தட்டுவடை செட்டுக்கு அரைக்கும் பச்சைச் சட்னிக்குக் காய்ந்த இலை ஒத்துவராது, முயற்சி செய்து மிளகாயை வீணாக்க வேண்டாம்.

கறிவேப்பிலைப் பொடிக்கு இரண்டு கைப்பிடி காய்ந்த இலை, ஒரு கைப்பிடி உளுந்து, அரைக் கைப்பிடி கொள்ளு, நான்கைந்து மிளகாய், கொல்லிமலை மிளகு ஒரு தேக்கரண்டி, கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு. மற்றதையெல்லாம் வறுத்து ஆறவைத்து அரைத்த பிறகு கடைசிச் சுற்றில்தான் இலையைப் போட வேண்டும். இலையை வறுக்கவே கூடாது. அது ஏற்கெனவே காய்ந்தது; கடாயில் போட்டால் அரை நிமிடத்தில் கருகும்.

கேள்வி: ஐயா, பேக்கரியில் பீட்சாவின் மேலும் மசாலா பன்னின் மேலும் தூவும் இலைத்தூள் என்ன? அதை நம் ஊரில் பயிரிட முடியுமா?
- வாசகர் ஒருவர், ராசிபுரம்

பதில்: அது பெரும்பாலும் ஓரிகானோ என்ற இலை, சில இடங்களில் பேசில் என்ற இலையும் சேரும். ஓரிகானோ, இத்தாலி, கிரீஸ் பக்கத்து வறண்ட குன்றுகளின் செடி. இலை சிறியது, தண்ணீர் குறைவு, எண்ணெய் அதிகம். கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டே உலர்த்திவிடுகிறார்கள். நம் சமவெளியில் அதை வளர்த்து லாபம் பார்ப்பதாக யாராவது நாற்று விற்க வந்தால், நான்கு தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஆனால் அந்த மணம் வேண்டும் என்பதற்காக அந்தச் செடிக்கு அலைய வேண்டியதில்லை. ஓரிகானோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் என்ற பொருள், கிணற்றடியில் வளரும் கற்பூரவல்லியில் நிறைய இருக்கிறது. அதன் இன்னொரு பெயரே ஓமவல்லி. ஓமத்தில் இருக்கும் தைமாலும் இதற்கு நெருங்கிய உறவு. மேற்கிந்தியத் தீவுகளில் கற்பூரவல்லியை ஓரிகானோ என்றே அழைத்து மீனுக்கும் இறைச்சிக்கும் போடுகிறார்கள். நாம் அதைச் சளிக்குக் கசாயமாகவும் மழை நாளில் பஜ்ஜியாகவும் மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். பேசில் என்பதும் வெளியாள் அல்ல. சர்பத்தில் போடும் சப்ஜா விதையைத் தரும் திருநீற்றுப்பச்சிலைதான் அது. நம் நாட்டு வகையில் மணம் கொஞ்சம் காரமாக இருக்கும்.

கற்பூரவல்லியைக் காய வைப்பதில் ஒரு சிரமம் உண்டு. இலை தடித்தது, உள்ளே தண்ணீர்தான் எல்லாம். முழுசாகப் போட்டால் ஒரு வாரம் ஆனாலும் காயாமல் கறுத்து அழுகும். காம்பைக் கிள்ளி, அரை விரல் அகலத்தில் நாடாவாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் துணியில் பரப்ப வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசி தவிர மற்ற மாதங்களில் செய்யாதீர்கள். ஒரு முறம் இலை போட்டால் ஒரு கைப்பிடிதான் தேறும். ஏமாற்றமாக இருக்கும், ஆனால் அந்தக் கைப்பிடி ஒரு வீட்டுக்கு இரண்டு மாதம் வரும். அரை கிலோ மாவுக்கு அரைத் தேக்கரண்டி போதும். அதற்கு மேல் போனால் கசக்கும், ஈஸ்ட் பொங்குவதும் மந்தமாகலாம். தக்காளித் தொக்கிலும் ஆம்லெட்டிலும் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, நிழலில் உலர்த்தி எத்தனை கிலோ விற்க முடியும்? சூரிய உலர்த்தி வாங்கலாமா?
- மகளிர் குழு ஒன்று, சேந்தமங்கலம்

பதில்: வாரத்துக்கு ஐந்து பத்து கிலோ பச்சை இலைக்குக் கட்டிலும் வேட்டியும் போதும். வாங்குகிற கடை எது, மாதம் எத்தனை கிலோ, என்ன விலை என்று பேசி முடித்த பிறகு உலர்த்தியை யோசிக்கலாம். சூரிய கூடார உலர்த்திக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. எவ்வளவு, எந்த அளவுக் கூடாரத்துக்கு என்பதை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள்ளும் வெயில் நேராக இலைமேல் விழக் கூடாது, தட்டுகளுக்கு மேல் கறுப்புத் துணியோ நிழல் வலையோ கட்ட வேண்டும். கதவையும் காற்றுத் துளையையும் மூடிவைத்தால் இலை உலராது, வெந்துவிடும்.

விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எண் வாங்க வேண்டும். பொட்டலத்தில் பறித்த தேதியையும் அடைத்த தேதியையும் எழுதுங்கள். பதப்படுத்தும் பயிற்சி எப்போது நடக்கிறது என்று நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். போகும்போது நீங்கள் உலர்த்திய இலையில் ஒரு கைப்பிடியைப் பாட்டிலில் எடுத்துப்போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.